‘ட்ரோல் 2’: சிரித்துக்கொண்டே ஒரு படத்தை நேசிப்பது தப்பா?

இரவுக்காட்சி கேட்கிறார்:

போன சனிக்கிழமை ராத்திரி எங்கள் மொட்டைமாடி அறையில் ஆறு பேர் உட்கார்ந்து ‘ட்ரோல் 2’ பார்த்தோம். 1990இல் வந்த பேய்ப்படம். உலகத்திலேயே மோசமான படம் என்று அமெரிக்காவில் பல வருடமாகப் பேர் வாங்கியது. அதனாலேயே நள்ளிரவுக் காட்சி போட்டு, வசனத்தைக் கூடவே சொல்லிக்கொண்டு பார்க்கிற கூட்டமும் அதற்கு உண்டு.

பார்க்காதவர்களுக்காகக் கதை. வெயிட்ஸ் குடும்பம் ஒரு மாத விடுமுறைக்கு நில்பாக் என்ற கிராமத்துக்குப் போகிறது. அங்கே இருக்கும் ஒரு குடும்பத்தோடு வீட்டை மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. பையன் ஜோஷுவாவின் கண்ணுக்கு மட்டும் செத்துப்போன தாத்தா தெரிகிறார். அவர் எச்சரிக்கிறார்: அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் மனித உருவத்தில் திரியும் காப்ளின்கள், குட்டிப் பிசாசுகள். அவை சைவம். மனிதனை அப்படியே தின்னாது. பச்சையாக எதையோ சாப்பிடக் கொடுத்து, ஆளைச் செடியாக்கிவிட்டுத்தான் தின்னும். வீட்டில் முதல் நாள் மேஜை நிறைய விருந்து. தாத்தா 30 விநாடிக்கு நேரத்தை நிறுத்திக் கொடுக்கிறார். அதற்குள் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். பையன் நாற்காலி மேல் ஏறி சாப்பாட்டின் மேல் ஒண்ணுக்குப் போய்விடுகிறான்.

படத்தின் பெயரில் ட்ரோல் இருக்கிறது, படத்தில் ஒரு ட்ரோல்கூட இல்லை. ‘காப்ளின்ஸ்’ என்று எடுத்த படத்தை, 1986இல் வந்த ‘ட்ரோல்’ படத்தின் இரண்டாம் பாகம் மாதிரி விற்கலாம் என்று அமெரிக்க விநியோகஸ்தர்கள் பேர் மாற்றிவிட்டார்கள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆர்னால்ட் என்ற பையன் தன் கண் முன்னால் ஒரு பெண்ணைப் பிசாசுகள் தின்பதைப் பார்த்து “ஓ மை காட்” என்று இழுத்துக் கத்துவான். அப்போது நெற்றியில் நிஜமான ஓர் ஈ உட்கார்ந்திருக்கும். அதை மட்டும் நாலு தடவை ஓட்டிப் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து ‘பெஸ்ட் வொர்ஸ்ட் மூவி’ பார்த்தேன். 2009இல் வந்த ஆவணப்படம். எடுத்தவர் மைக்கேல் ஸ்டீபன்சன், ஜோஷுவாவாக நடித்த அதே பையன், பெரியவனாகி. அதில் இயக்குநர் கிளாடியோ ஃப்ராகாஸோ இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்கு வருகிறார். தன் படத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று அவர் முகம் மலர்கிறது. உள்ளே போய் உட்கார்ந்தால், சிரிக்க வேண்டிய இடத்திலும் சிரிக்கிறார்கள், சிரிக்கக் கூடாத இடத்திலும் சிரிக்கிறார்கள். அதை அவரே சொல்கிறார். அப்புறம் நடிகர்கள் மேடையில் அந்தப் படப்பிடிப்பைப் பற்றிக் கிண்டலாகப் பேசும்போது, அரங்கத்திலேயே அவருக்குக் கோபம் வந்துவிடுகிறது.

எனக்கு அங்கே தொண்டை அடைத்துவிட்டது. காரணம் உண்டு. கல்லூரியில் நான் 8 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தேன். அம்மா சாகும் காட்சியில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அது அப்படியே முன்னால் பரவியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் நான் கேமராவைத் தொடவில்லை.

என் கேள்வி இதுதான். ‘ட்ரோல் 2’ எனக்கு உண்மையாகவே பிடித்திருக்கிறது. மறுபடி பார்க்க வேண்டும் போல இருக்கிறது. மோசமான படங்கள் ஆயிரம் இருக்க, இதில் மட்டும் என்ன இருக்கிறது? நான் அதை நேசிக்கிறேனா, இல்லை அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்த பின்வரிசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேனா?

வடபழனி வசனம் எழுதுகிறார்:

19 வருடமாக டப்பிங் வசனம் எழுதுகிறேன். ஆங்கிலப் படம், கொரியத் தொடர், குழந்தைகளுக்கான பொம்மைப் படம் எல்லாம் பார்த்தாயிற்று. இந்தப் படத்தை என் தொழில் காரணமாகத்தான் முதலில் பார்த்தேன். உங்கள் முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

இந்தப் படத்தின் ரகசியம் அதன் மொழி. எழுதியவர்கள் ஃப்ராகாஸோவும் அவர் மனைவி ரொஸெல்லா த்ரூடியும். இருவரும் இத்தாலியர்கள். படக்குழுவிலும் பெரும்பாலோர் இத்தாலியர்கள், ஆங்கிலம் சரளமாகப் பேசத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. நடித்தவர்களோ யூட்டா மாநிலத்து உள்ளூர்க்காரர்கள். தாள் கைக்கு வந்ததும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, இப்படி யாரும் பேசமாட்டார்கள் என்று. மாற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். இயக்குநர் விடவில்லை. எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் சொல்ல வேண்டும்.

இதன் விளைவு என்ன என்பது எனக்கு அன்றாடம் தெரியும். மொழிபெயர்ப்பில் இரண்டு வகைத் தப்பு உண்டு. இலக்கணம் தப்பினால் கேட்பவன் ஒரு கணம் முகம் சுளிப்பான், அவ்வளவுதான். இலக்கணம் முழுக்கச் சரியாக இருந்து, அந்த வாக்கியம் எந்த மனிதனின் வாயிலும் பிறந்ததாக இல்லாமல் போனால்தான் காதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது வகைத் தப்பு இந்தப் படத்தில் தொடங்கி முடியும்வரை இருக்கிறது.

நீங்கள் சொன்ன விருந்துக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பையன் அப்படிச் செய்ததும் அப்பா அவனை அறைக்குத் தூக்கிப் போகிறார். “விருந்தோம்பலின் மேல் ஒண்ணுக்குப் போகக் கூடாது, அதை நான் அனுமதிக்க மாட்டேன்” என்று கத்துகிறார். ஓர் அமெரிக்க அப்பா என்ன சொல்லியிருப்பார்? அடுத்தவர் போட்ட சாப்பாட்டில் இப்படியாடா செய்வாய் என்று சொல்லியிருப்பார். சாப்பாட்டின் மேல் போகலாம், மேஜையின் மேல் போகலாம். விருந்தோம்பலின் மேல் எப்படிப் போவது? குறளில் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பாக இருக்கிற சொல் அது! எழுதிய இத்தாலியர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரிந்திருக்கிறது, அதை ஆங்கிலத்தில் எங்கே உட்கார வைப்பது என்று தெரியவில்லை. எனக்கு அந்த வரி மேல் பெரிய மரியாதை உண்டு. சாப்பாட்டைச் சொல்லியிருந்தால் முப்பது வருடம் கழித்து யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

அடுத்த வரி இன்னும் மேல். அப்பா பெல்ட்டைக் கழற்றப் போகிறார். பையனும் நாமும் அடி விழப்போகிறது என்று நினைக்கிறோம். அவர் நிதானமாக, பசி தெரியாமல் இருக்க பெல்ட்டை ஒரு துளை இறுக்குகிறேன் என்கிறார். அம்மாவும் அக்காவும்கூட அப்படியே செய்ய வேண்டியிருக்கும் என்கிறார். அந்த இடத்தில் ஒரு நல்ல திருப்பம் இருக்கிறது. அடிக்கப்போகிறார் என்று நம்மை நம்பவைத்து, அவர் பசியைப் பொறுத்துக்கொள்ளப் போகிறார் என்று காட்டுகிறது. யோசனை தரமானது. அது வந்து சேரும் வாக்கியம்தான் எங்கோ இருக்கிறது.

அந்த அப்பாவாக நடித்த ஜார்ஜ் ஹார்டி ஒரு பல் மருத்துவர். நடிப்பு அனுபவம் கிடையாது. அவர் அந்த வரிகளைச் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள். ஒரு துளி விளையாட்டு இல்லை. தன் முழு பலத்தையும் போட்டுச் சொல்கிறார். டப்பிங் தியேட்டரில் புதுக்குரல்கள் வரும்போது நான் பார்ப்பது உண்டு. அனுபவப்பட்டவர் வசனம் சரியில்லை என்றால் கொஞ்சம் விலகி நின்று, குரலில் ஒரு சலிப்பைக் கலந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்வார். புதியவருக்கு அது தெரியாது. முழுசாக உள்ளே இறங்கிவிடுவார். ‘ட்ரோல் 2’வில் எல்லோருமே அப்படி இறங்கியவர்கள்.

வேண்டுமென்றே மோசமாக எடுக்கும் படங்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றை நான் பத்து நிமிடத்துக்கு மேல் பார்த்ததில்லை. எடுத்தவன் பாதுகாப்பாகக் கரையில் நிற்கிறான், நம்மை மட்டும் தண்ணீரில் தள்ளுகிறான். இந்தப் படத்தில் த்ரூடியின் கோபம்கூட நிஜம். அவர் நண்பர்கள் பலர் திடீரென்று சைவமாகிவிட்டார்கள், அது அவருக்கு எரிச்சலாக இருந்தது, அதிலிருந்துதான் இந்தக் கதையே பிறந்தது. ஒரு மனுஷி தன் நண்பர்கள் மேல் இருந்த கோபத்தில் ஒரு பிசாசு இனத்தையே படைத்திருக்கிறார். கடைசியில் அந்தப் பிசாசுகளைத் தோற்கடிப்பது எது? பையன் கையில் இருக்கும் இறைச்சி சாண்ட்விச்.

இன்னொன்று. இந்தப் படத்தைத் தமிழில் டப் செய்தால் எப்படிச் செய்வேன் என்று ஒரு மழை நாளில் உட்கார்ந்து யோசித்தேன். முதல் சிக்கல் ஊர் பெயர். நில்பாக் என்பது காப்ளினைத் திருப்பிப் போட்டது. பையன் அதைக் கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்கிற காட்சி முக்கியம், விட முடியாது. பூதம் என்று வைத்தால் திருப்பும்போது புள்ளி எழுத்து முன்னால் வந்துவிடும், வாயில் நுழையாது. பேயும் அப்படித்தான். அரை நாள் போனது. கடைசியில் பிசாசு. திருப்பினால் சுசாபி. ‘சுசாபி உங்களை வரவேற்கிறது’ என்று ஒரு பலகை. உதட்டசைவுக்கும் பொருந்தும். யாரும் கேட்காத வேலை, ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இதை மட்டும் சொல்கிறேன். ஒரு படத்துக்காக யாரையாவது இப்படி அரை நாள் உட்கார வைக்க முடிந்தால், அதை எடுத்தவர் தோற்றார் என்று நான் சொல்லமாட்டேன்.

உப்பு ஏரி எழுதுகிறார்:

நான் 9 வருடமாக சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறேன். படத்தில் வரும் நில்பாக், மார்கன் என்ற ஊர் பக்கம். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வீபர் ஆற்றங்கரையில், சுற்றிலும் மலை, நடுவே வயலும் பழைய வீடுகளுமாக அமைதியான இடம். 1989 கோடையில் அங்கே படம் பிடித்தார்கள்.

வசனம் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நடித்தவர்களில் பலர் கூட்டத்தில் நிற்கும் துணை வேடமாவது கிடைக்கும் என்று தேர்வுக்குப் போனவர்கள். முக்கிய வேடமே கிடைத்துவிட்டது. ஹார்டி அப்போது இங்கேதான் பல் மருத்துவராக இருந்தார். பிசாசுகளுக்கு உடை செய்தது லாரா கெம்சர், இத்தாலியப் படங்களில் பேர்பெற்ற நடிகை. சாக்குத்துணியும் ரப்பர் முகமூடியும்தான். அந்த முகமூடியின் வாய்கூட சரியாக அசையாது.

2008இல் மார்கனிலேயே ரசிகர்கள் திரண்டு திரையிட்டார்கள், ஆவணப்படத்திலும் அது வருகிறது. நான் இங்கே வருவதற்கு முந்தைய கதை. போன வருடம் அந்த ஊர்க் கடையில் காபி வாங்கும்போது கல்லாவில் இருந்த பெரியவரிடம் ‘இதுதானே நில்பாக்?’ என்று கேட்டேன். அவர் முகம் பூத்துவிட்டது. அரை மணி நேரம் பேசினார்.

ஆனால் ஆவணப்படத்தின் பின்பாதியை இங்கே யாரும் குறிப்பிடவில்லையே என்று இருக்கிறது. ஹார்டி ஊர் ஊராகத் திரையிடலுக்குப் போகிறார், கைதட்டலில் மிதக்கிறார். அப்புறம் இங்கிலாந்தில் ஒரு கண்காட்சியில் மேஜை போட்டு உட்கார்ந்தால் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. அதே வரியைச் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுக்கிறது. கடைசியில் அலபாமாவில் அலெக்சாண்டர் சிட்டி என்ற தன் ஊருக்குத் திரும்பி, பல் பார்க்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறார். இந்த நேசத்துக்கு ஓர் அளவு இருக்கிறது, அதையும் அந்தப் படம் மறைக்கவில்லை. எனக்கு அந்தப் பகுதிதான் மனதில் நிற்கிறது.

அம்மாவும் பையனும் எழுதுகிறார்:

தங்கச்சி, நான் வேறு மாதிரி சொல்லப்போகிறேன். இந்தப் படம் முழுக்க மோசம் என்பதையே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நானும் கணவரும் சிரிக்கலாம் என்றுதான் போட்டோம். 9 வயதுப் பையன் தூங்கிவிட்டான் என்று நினைத்தோம். எப்போது வந்து சோபாவுக்குப் பின்னால் நின்றான் என்று தெரியவில்லை. அவன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. விருந்துக் காட்சி முடிந்ததும் கேட்டான்: “ஏம்மா, அவன் உண்மையத்தானே சொல்றான்? அவங்க அப்பா ஏன் கேக்க மாட்டேங்கறாரு?”

அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கதையின் எலும்பு அதுதானே. ஆபத்து குழந்தைக்குத் தெரியும், அப்பா அம்மாவுக்குத் தெரியாது, சொன்னால் நம்பமாட்டார்கள், மேலும் சொன்னால் தண்டனை. கடைசிக் காட்சியில் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு வருவார்கள். பையன் உள்ளே போய்ப் பார்த்தால் பிசாசுகள் அம்மாவைத் தின்றுகொண்டிருக்கும், உனக்கும் வேண்டுமா என்று அவனிடமே நீட்டும். அதைப் பார்த்துவிட்டு என் பையன் இரண்டு நாள் எங்கள் நடுவில் படுத்தான். பார்க்க விட்டிருக்கக் கூடாது, அது என் தப்பு.

அமெரிக்காவில் இந்தப் படத்தின் முதல் ரசிகர்கள் யார் தெரியுமா? 90களின் தொடக்கத்தில் எச்பிஓ தொலைக்காட்சியிலும் வாடகை வீடியோ கேசட்டிலும் இதைப் பார்த்த பிள்ளைகள். என் பையனைப் போலப் பயந்து பார்த்தவர்கள் அதில் நிறைய பேர் இருந்திருப்பார்கள். பெரியவர்களானபின் நண்பர்களைக் கூட்டிவந்து இதைக் காட்டியதும் அவர்களேதான். அந்தச் சிரிப்பில் தன் சின்ன வயது ராத்திரிகளும் இருக்கும். உங்கள் குறும்படத்துக்குச் சிரித்த பின்வரிசைக்கு அப்படி எந்த உறவும் உங்களோடு இல்லை. இரண்டு சிரிப்பையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

இரவுக்காட்சி எழுதுகிறார்:

மூன்று பேருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பையன் கேட்டதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் ஆறு பேரும் சிரித்த அதே காட்சியில் அவன் நியாயம் கேட்டிருக்கிறான்.

உப்பு ஏரி சொன்ன பின்பாதியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். முதல் தடவை ஃப்ராகாஸோவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில் ஹார்டியைச் சரியாகக் கவனிக்கவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். ஃப்ராகாஸோவுக்குக் கோபம் வருகிறதே தவிர, தன் படத்தை அவர் ஓர் இடத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. அது சாப்பாடு, வாழ்வு, சாவு பற்றிய படம் என்று அழுத்தமாகச் சொல்கிறார். நான் அன்றைக்கு அரங்கத்தைவிட்டு வெளியே ஓடிவிட்டேன். அவர் உட்கார்ந்திருந்தார்.

வசனம் அண்ணா, என் குறும்படத்தில் அந்த இடத்தில் இருந்த வரியை உங்களிடம் சொல்லலாமா? அம்மா சாகும்போது மகள் சொல்வாள்: “உங்கள் இழப்பை என்னால் ஈடுகட்ட இயலாது.” நான்தான் எழுதினேன். ஆங்கிலத்தில் யோசித்து எழுதியிருக்கிறேன் என்று உங்கள் பதிலைப் படித்தபோதுதான் புரிந்தது. அந்தப் பெண் எவ்வளவு நன்றாக நடித்தாள் தெரியுமா, கண்ணெல்லாம் தண்ணீர். நான் கொடுத்த வரிதான் அவளை மாட்டிவிட்டது.

வடபழனி வசனம் எழுதுகிறார்:

அம்மா, அந்தப் பெண்ணுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுங்கள், தப்பு அவளுடையது இல்லை என்று. வருடக்கணக்கில் அவளும் அதைச் சுமந்துகொண்டிருப்பாள்.

வரிக்கு வருவோம். வாய்க்கு வராத சமயத்தில் மனிதர்கள் பெரிய வாக்கியம் பேசுவதில்லை. என் அம்மா போன அன்று அக்கா சொன்னது “காபி ஆறிடுச்சும்மா” என்பதுதான். ஒலி மட்டும் மறுபடி பதிய முடியுமா பாருங்கள். அசல் ஃபைல் இருந்தால் அனுப்புங்கள், அவள் உதட்டசைவுக்கு நாலைந்து வரி எழுதித் தருகிறேன். காசெல்லாம் வேண்டாம்.

இரவுக்காட்சி எழுதுகிறார்:

ஃபைல் பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது அண்ணா, நாளைக்கு எடுக்கிறேன். அவளுக்கு இப்போதுதான் பேசினேன். சனிக்கிழமை வருகிறாள். ‘ட்ரோல் 2’ பார்த்ததில்லையாம், அதனால் மறுபடி போடுகிறோம். தாத்தா கொடுக்கும் 30 விநாடி நிஜமாகவே 30 விநாடிதானா என்று இந்தத் தடவை கடிகாரம் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.